ஈரத்துணி வைத்தியம்

சூடானால் நின்றுவிடும், ஆறினால் ஓடும். பழைய வண்டிகளின் இந்த நோய் மருமகளுக்கு அத்துப்படி. அவள் மெக்கானிக், பட்டறையில் அவளுக்கு ‘ஈரத்துணி’ என்றே பெயர். நின்றுபோன எஞ்சினில் ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஈரத்துணி போடுவாள். எது குளிர்ந்ததும் வண்டி கிளம்புகிறதோ அதுதான் குற்றவாளி.

மாமனாரின் காருக்கும் இதே நோய்தான். ஆனால் அது மட்டும் இரண்டு மாதமாக அவளுக்கு டிமிக்கி கொடுத்தது. அவரோ, "என் மருமக கை வச்சா ஓடாத வண்டியே கிடையாது" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவர். தெரு இப்போது சிரித்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வர, "ஞாயித்துக்கிழமைக்குள்ள கோளாறு தெரியலேன்னா வண்டியை நீங்களே எடுத்துக்குங்க" என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் விலை பேசிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரரையும் ஏற்றிக்கொண்டு மூவரும் காரில் கிளம்பினார்கள். அரை மணி நேரத்தில் கார் விக்கி விக்கி நின்றது.

"சாவியைக் குடுத்துடலாமே" என்றார் தையல்காரர், பின்சீட்டில் சாவகாசமாகச் சாய்ந்தபடி.

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் மேல் துணி போட்டாள். கிளம்பவில்லை. பெட்ரோல் பம்பின் மேல் போட்டாள். அதற்கும் மசியவில்லை. கார் போனால் போகட்டும், மாமனார் தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

பெட்ரோலாவது இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நாலைந்து முறை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்றுத் துளை வெள்ளைப் பசையால் அடைபட்டிருந்தது. டாங்க்குக்குள் காற்று போகாததால் பெட்ரோல் வரவில்லை. வண்டி நின்ற நேரத்தில் காற்று மெல்ல உள்ளே கசிந்ததால்தான் மறுபடி ஓடியிருக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் வீட்டில் குழாய் முதல் செருப்பு வரை வெள்ளைப் பசை வைப்பவர் ஒருவர்தான். பெட்ரோல் ஆவியாகி வீணாகிறது என்று புலம்பியவரும் அவரே.

மூடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்னம்மா கோளாறு?" என்றார் தையல்காரர்.

"மூடி பழசாயிடுச்சுண்ணே. மாத்திடறேன்."

மாமனார் கையை நீட்டினார். வேறு வழியின்றிக் கொடுத்தாள். துளையை அடைத்திருந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மூடியைத் தையல்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. அடைச்சவன் நான். கண்டுபிடிச்சது என் மருமக. தெருவுல சொல்றப்ப ரெண்டையும் சேத்துச் சொல்லணும்."