கறுப்பு கிளாஸில் ஆம்பர் ஏல்

பீர் ருசி பார்ப்பது ஒரு வேலை என்று சொன்னால் யாரும் அனுதாபப்படுவதில்லை. மருந்துக் கம்பெனி, சாய ஆலை, மசாலா மில் என்று மூக்கை நம்பிப் பிழைக்கிற சக பாவிகளுக்கு மட்டும் நான் சொல்வது புரியும். புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற பீர் ஆலையில் நாங்கள் ஐந்து பேர் ருசி பார்க்கிறோம்.

விரதம்

பதினொரு மணிக்கு ருசி பார்க்க வேண்டுமானால் காலையிலிருந்து டீ கிடையாது. வெங்காயம், மசாலா கிடையாது. வாசனை சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் ஆகாது. கேன்டீனில் எல்லோரும் வடகறியோடு நாஷ்டா முடிக்கும்போது நாங்கள் வெறும் இட்லியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவோம். ஒருநாள் என் தட்டில் சட்னி ஊற்ற வந்த குமாரி அக்கா, நான் கையால் மறைத்ததைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மலைக்கு மாலை போட்டவங்களே டீ குடிச்சிக்கினுதான் கீறாங்க. பீர் குடிக்கறதுக்கு இவ்ளோ விரதமா தம்பி?”

மடைப்பள்ளி மூக்கு

எங்களில் சிறந்த மூக்கு ராகவனுடையது. திருவள்ளூர்க்காரர். அப்பா கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்தவர். ராகவன் பீரை விழுங்க மாட்டார். முகர்ந்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைப்பார். எந்தத் தொட்டி, என்ன கோளாறு என்று சரியாக எழுதிவிடுவார். வீட்டில் தண்ணீர் பரிசோதனை வேலை என்று சொல்லிவைத்திருக்கிறார். குடிக்காமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“பெருமாளுக்கு முன்னாடி நாம வாயில வச்சுப் பாக்க முடியுமா? எங்கப்பா கடைசிவரைக்கும் வாசனைய வச்சேதான் உப்பு போட்டார்.”

மூன்றாவது தப்பு

எனக்கு அப்படியொரு பரம்பரை இல்லை. பாட்டில் லைனில் எட்டு வருஷம் நின்றவன். பாட்டில்கள் மோதுகிற சத்தத்தில் இடது காது பாதி போன பிறகுதான் இந்த அமைதியான அறை கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வகத் தலைவர் ஸ்டெல்லா மேடம் சோதனை வைப்பார். நிறம் தெரியாமலிருக்கக் கறுப்பு கிளாஸ். சில வாரம் நல்ல பீர் இருக்கும். சில வாரம் அவரே எதையாவது கலந்து கெடுத்திருப்பார். குறை இருந்தால் இன்னதென்று எழுத வேண்டும். மூன்று தப்பானால் பழையபடி பாட்டில் லைன். எனக்கு இரண்டு ஆகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு மூக்கும் அடைத்திருந்தது. சளி பிடித்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்பது விதி. பயத்தில் சொல்லவில்லை. முகர்ந்தேன். குடித்தேன். வெறும் தண்ணீரைக் குடித்ததுபோல இருந்தது. நாக்கைச் சுழற்றி, கண்ணை மூடி, யோசிக்கிறவன்போல நடித்துவிட்டு ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். மற்ற நாலு தாளிலும் ‘கருகல்’ என்று இருந்தது. ராகவன் என் தாளை எட்டிப் பார்த்தார்.

“சர்க்கரைய அடுப்புல வச்சுட்டுத் தூங்கிட்டாப்ல கமறறது ஓய். உமக்கு ஒண்ணுமே தெரியலையா?”

டிகாக்‌ஷன் நிறம்

மேடம் தாள்களை வாங்கிக்கொண்டார். அதே பீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். டிகாக்‌ஷனில் தண்ணீர் விட்டதுபோலச் செம்பழுப்பு. ஆம்பர் ஏல் என்கிற பீர் வகை. மஞ்சள் பீர் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆலை முதல்முறையாகப் போட்டது. வறுத்த தானியம் சேர்த்து வேண்டுமென்றே கொண்டுவந்த வாசனையைத்தான் நாலு பேரும் குறை என்று எழுதியிருந்தார்கள். பீரில் ஏதாவது வாசனை வந்தாலே குறை என்று பழகிய மூக்குகள்.

“ஏழுமலை ஒருத்தர்தான் கரெக்ட்டு” என்றார் மேடம், என்னைக் காட்டி. பிறகு தாளை என் பக்கம் நகர்த்தி, எந்தெந்த வாசனை எவ்வளவு தெரிந்தது என்று விவரமாக எழுதச் சொன்னார். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராகவனைப் பார்த்தேன்; அவர் கூரையைப் பார்த்தார். தும்மல் வந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சளி, மேடம், ஒன்றும் தெரியவில்லை, பாட்டில் லைனுக்கே போய்விடுகிறேன் என்றேன்.

அவர் என் மூக்கைப் பார்த்தார். கிளாஸில் மிச்சமிருந்ததை எடுத்துக் குடித்தார்.

“நம்ம பீர வாங்கறவங்க ஐஸ்ல முக்கி எடுத்து, ஊறுகா நக்கிக்கினு ரெண்டே மடக்குல முடிக்கறாங்க. அவங்களுக்கு இன்னா வாசனை தெரியப்போவுது? இந்த நாலு பேரு மூக்கு கம்பெனி மூக்கு. உங்களுதுதான் கஸ்டமர் மூக்கு. எங்கியும் போவாதீங்க.”

இப்போதெல்லாம் சளி பிடித்தால் மற்ற நாலு பேரும் விலகிக்கொள்கிறார்கள். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் லீவு நாளிலும் போன் போட்டு வரச்சொல்கிறார்கள்.