எங்கள் வைத்தியரைத் திருப்பித் தாருங்கள்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது பதுளை டவுனில் ஒரு சின்ன கம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். டைப் செய்வதும் போட்டோ கொப்பி எடுப்பதும் என் பொறுப்பு. வீடு தெமோதரைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. கடை முதலாளியை எல்லோரும் முஸ்லிம் வழக்கப்படி நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அதட்டத் தெரியாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கம்பியூட்டரில் விளையாட உட்கார்ந்துவிடுவார்.

விளையாட்டு என்றால் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. அது ஒரு பெரிய கதை. வீரன், மந்திரவாதி, திருடி, வில்லாளி, வைத்தியர் என்று ஐந்து பேர் காடு, குகை, கோட்டை எல்லாம் சுற்றுவார்கள். சண்டை வந்தால் ஒவ்வொருவருக்கும் முறை வரும். நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி மரியாதையாக நின்றுகொண்டிருப்பான். நானா கொழும்பிலிருந்து வாங்கி வந்தது கள்ளக் கொப்பி சீடி. விளக்கப் புத்தகம் எதுவும் கிடையாது. ஐந்து பாத்திரம் இருந்ததால் ஐந்து பேர் ஆட வேண்டும் போல என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நானா வீரன். அவர் மனைவி திருடி; பூட்டு உடைப்பதில் அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். பக்கத்து வங்கியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர், மந்திரவாதி. நான் வில்லாளி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அண்ணன் வைத்தியர். ஒரே கம்பியூட்டர் முன்னால் ஐந்து நாற்காலி போட்டு உட்காருவோம்; அவரவர் முறைக்கு அவரவர் சொல்வதை நானா அழுத்துவார்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் எழுத்து வர வர நான் தமிழில் சொல்வேன். எல்லோரும் அடிபட்டுக் கிடக்கும்போது யாருக்கு முதலில் மருந்து கொடுப்பது என்று அவன்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள், அங்கே நாலு பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, தாடையைத் தடவிக்கொண்டு, "மொதல்ல திருடிக்குக் குடுங்க. அவங்க இல்லாட்டி கதவு தொறக்காது" என்பான். சேர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். அவனை அப்படிப் பார்ப்பதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

பிறகு அதன் அடுத்த பாகம் வந்தது. ஆசை ஆசையாகப் போட்டால் எல்லாம் தலைகீழ். வீரனை மட்டும்தான் நாம் இயக்கலாம். மற்ற நாலு பேரும் தாங்களாகவே ஓடினார்கள், தாங்களாகவே அடித்தார்கள். வைத்தியர் யாரையும் கேட்காமல் மருந்து கொடுத்தார். எழுத்துக்குப் பதிலாகப் பேச்சுக் குரல் வந்துவிட்டது. நான் ஒரு வரியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிடும். நானாவின் விரல்களுக்கு மட்டும் வேலை இருந்தது.

கொஞ்ச நாளில் அண்ணன் வருவதை நிறுத்திவிட்டான். "நீ போயிட்டு வா. எனக்கு அங்க என்னா வேல?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எப்படியாவது அவனைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

விளையாட்டைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்தில் ரசிகர்கள் எழுதுவதற்கு ஒரு பகுதி இருந்தது. திறந்து பார்த்தால் ஊர் உலகமே அங்கே புலம்பிக்கொண்டிருந்தது. சண்டையைக் கெடுத்துவிட்டீர்கள், கதையைச் சுருக்கிவிட்டீர்கள் என்று ஆளாளுக்குப் பொரிந்து தள்ளியிருந்தார்கள். நானும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். சேர் பிழை திருத்தினார். 'முன்பு ஐந்து பேர் ஆடினோம். இப்போது ஒருவர் ஆட, நான்கு பேர் வேடிக்கை பார்க்கிறோம். எங்கள் வைத்தியரைத் திருப்பித் தாருங்கள்.'

அடுத்த ஞாயிறு பார்த்தால் நாங்கள் எழுதியதற்குக் கீழே ஒரே கேலி. அது எப்போதுமே ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டாம். பழைய பாகத்திலும் ஐந்து பாத்திரங்களையும் ஒரே ஆள்தான் ஆட்டுவிப்பாராம். எல்லோருக்கும் வாசித்துச் சொன்னேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நானாதான் முதலில் சிரித்தார். "அஞ்சு பேருக்கும் ஒரே ஆளா யோசிக்கிறதா? அதுல என்ன ருசி இருக்கு, தங்கச்சி?"

சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நாங்கள் பிழையா விளையாடினனாங்கள் எண்டு ஆர் சொன்னது? கோட்டையைப் பிடிச்சனாங்கள்தானே" என்றார்.

அந்தக் கேலிக்கு நடுவே ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. பழைய பாகத்தைத் தனியாகவே பல தடவை ஆடி முடித்தவராம். உங்கள் வைத்தியர் யார், யாரை முதலில் காப்பாற்றுவார், ஏன் என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தப்பைக் கேட்டு அவனுக்கு வெட்கமே வரவில்லை.

"அந்த ஆளு எல்லாத்தையும் தனியாவா ஆடுனாரு?"

"ஆமா."

"பாவம். கூட உக்காந்து சண்ட போடக்கூட ஆளில்லையே" என்றான்.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினான். நானா பழைய பாகத்தையே திரும்பவும் போட்டு வைத்திருந்தார். ஆனால் அண்ணன் முதலில் அந்த மனிதருக்குப் பதில் எழுதச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில், "திருடிய மொதல்ல காப்பாத்தலன்னா அக்கா டீ தரமாட்டாங்கன்னும் எழுது" என்றான். அக்கா அவன் தோளில் ஒன்று வைத்தார்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அதிகம் பேசிக்கொள்ளாத தன் அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, வைத்தியர் பாத்திரத்தை அவரிடம் கொடுத்தாராம். யாருக்கு மருந்து கொடுப்பது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே கோட்டை வரை போய்விட்டார்களாம். அண்ணன் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

நிறுவனம் எங்களுக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. பிறகு வந்த பாகங்களும் அப்படியேதான் வந்தன. எங்கள் புகாரால் அங்கே ஒரு துரும்பும் அசையவில்லை. ஆனாலும் விளையாட்டின் விதி தெரியாமல் ஆடியதால்தானே எங்களுக்கு அந்த ஞாயிறுகள் கிடைத்தன. இது தனி ஆளாகச் செய்கிற காரியம் என்று இன்றைக்கும் யாராவது எதையாவது காட்டினால், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.