ஒன்றில் பிடித்த டேப்

"புடிச்சுட்டியா சாமி?"

"புடிச்சாச்சுப்பா."

"இழுக்கறேன். விட்டுறாதே."

"போன வருசம் விட்டனா?"

குமாரசாமி டேப் சுருளோடு புல்லின் குறுக்கே நடந்துபோனார். முனை மகள் வான்மதியின் கையில். இரண்டாயிரத்தொன்று மார்ச், இரண்டாம் ஞாயிறு. செயின்ட் கிளெமென்ட்ஸ் பள்ளி மைதானத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. லிவர்மோர் மலைகள் அந்த மாதத்தில் மட்டும் பச்சையாக இருக்கும், அன்றும் இருந்தன.

வருடத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை. இந்தப் பக்கத்து எல்லைக்கோடு சிமென்ட் வாய்க்காலை ஒட்டி நிரந்தரமாக இருந்தது. அங்கிருந்து இருநூறு அடி அளந்து, அந்தப் பக்கத்துக் கோட்டுக்கு முளை அடித்துக் கயிறு கட்டி, வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டும். குளிர்கால மழையில் பழைய கோடு கரைந்துபோய்விடும். அடுத்த சனிக்கிழமை ஹால்டன் அகாடமியோடு ரக்பி மேட்ச். அதற்குள் கோடு காய வேண்டும்.

அந்தக் கோடிக்குப் போனவர் திரும்பி வந்தார். சுத்தியல் மகளின் காலடியிலேயே கிடந்தது.

"சொல்லியிருந்தா எறிஞ்சிருப்பேனே."

"எறிவே. அப்பறம் எம்மண்டையில கோடு போட வேண்டியதுதான்."

குனிந்து சுத்தியலை எடுத்தவர் அப்படியே நின்றார். டேப்பைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, ஒண்ணுல புடிச்சிருக்கற?"

"எப்பவும் ஒண்ணுலதானப்பா."

"அது பழைய டேப்புக்கு."

பழைய டேப்பின் முனை வளையம் எப்போதோ அறுந்து, முதல் சில அங்குலங்கள் இல்லாமல் போயிருந்தன. அதனால் ஒன்று என்ற அடையாளத்தில் பிடித்து, மறுமுனையில் இருநூற்றொன்றில் முளை அடிப்பார்கள். கணக்கு சரியாக வரும். ஊரில் நெடுஞ்சாலைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்த நாட்களிலேயே குமாரசாமி கற்ற வழி. புது டேப் வாங்கியதும் அவர் நேராக இருநூறில் முளை அடித்தார். மகள் என்ஜினீயர், முனையைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாள் என்று நினைத்தார். அவளோ, அப்பா வழக்கம்போல் ஒன்றைக் கூட்டிக்கொள்வார் என்று நினைத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

"புது டேப்பு எப்ப வாங்குனோம்?" அவருக்கே தெரியும். இருந்தும் கேட்டார்.

"போன வருசம். மேட்சுக்கு முன்னாடி."

"அன்னிக்கும் ஒண்ணுலயா?"

அவள் ஃப்ரீமான்ட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்ட் என்ஜினீயர். நாள் முழுவதும் கருவிகளின் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இருநூறிலிருந்து ஒன்றைக் கழிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. வாய் திறக்கத்தான் ஆனது.

"ஆமாப்பா."

குமாரசாமி புல்லில் குந்தி உட்கார்ந்தார். தூரத்து மூலையைப் பார்த்தார். பிறகு எழுந்து அவள் கட்டைவிரலை எடுத்துப் பூஜ்யத்தில் வைத்தார்.

"இங்க புடி. நான் போறேன்."

அன்று இரண்டு பக்கமும் இரண்டு முறை அளந்தார்கள்.

*

குமாரசாமி பெருந்துறைக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமா. தொண்ணூறில் மனைவி நாகமணி, பதின்மூன்று வயது மகள், ஏழு வயது மகன் சபரியோடு அமெரிக்காவில் வந்து இறங்கினார். ப்ளெசன்டனில் விமான உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடினாலும் பாகத்தைத் தள்ளிவிடுவார். "குமார் பார்த்தாச்சா?" என்று கேட்காமல் பெட்டி கட்ட மாட்டார்கள்.

ரக்பி என்ற சொல்லையே தொண்ணூற்றேழில்தான் கேட்டார். சபரி அந்த வருடம் செயின்ட் கிளெமென்ட்ஸில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தான். அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் இடம் கிடைக்கவில்லை. ரக்பியில் வேகமாக ஓடுகிறவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் ஒருவர்தான் வெளியிலிருந்து வருவார். இரண்டு பக்கக் கோட்டிலும் கொடி பிடிக்க ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆளைத் தர வேண்டும். மற்ற அப்பாக்கள் பியர் கேனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோச் குமாரசாமியைப் பார்த்தார். குமாரசாமி விதிப் புத்தகத்தைக் கேட்டார். ஒரே வாரத்தில் கோச்சுக்கே சந்தேகம் தீர்க்கும் அளவுக்குப் படித்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. பள்ளி நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டி, எழுபத்தொன்றிலிருந்து கிளெமென்ட்ஸும் ஹால்டனும் மோதிய எல்லா மேட்சையும் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதினார். யார் எத்தனை, மழையா வெயிலா, யாருக்குக் கால் உடைந்தது. ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை இல்லை, ஒரு நசுங்கிய பால் கேன். ஹால்டன் பள்ளி ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணையாக இருந்த இடம். அங்கே இந்த விளையாட்டுக்குப் போதுமான மைதானம் இல்லாததால் மேட்ச் எப்போதும் கிளெமென்ட்ஸில்தான். முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. நாகமணி பெரிய அடுக்கில் எலுமிச்சை சாதம் கிளறுவாள். சேறு பூசிய ஹால்டன் பையன்கள் இரண்டாம் முறை வந்து தட்டை நீட்டுவார்கள்.

"இது விளையாட்டாங்க? மாட்டுச் சந்தையில தாம்புக்கயிறு அறுந்த மாதிரி இருக்குது" என்பாள் அவள்.

"அதுக்கும் சட்டம் இருக்குது நாகு. பந்தை முன்னால எறியக்கூடாது. பின்னாலதான்."

"முன்னால போறதுக்கு ஏன் பின்னால எறியறாங்க?"

"அதான் அதுல விசேசம்."

சிவா விஷ்ணு கோயிலில் சுவாமிநாதன் அங்கிள் அவரை விடமாட்டார். "என்ன குமாரசாமி, சனிக்கிழமை அபிஷேகத்துக்கு ஆளைக் காணோம்? பெருமாளைவிட அந்தப் பால் கேன் பெரிசாப் போச்சா?"

"பெருமாள் வருசம் பூரா இங்கதான இருக்காரு. ஹால்டன்காரன் ஒருநாள்தான வர்றான்."

இதெல்லாம் இரண்டாயிரம் மார்ச் வரை.

அந்த வருடம் கடைசி நிமிடத்தில் கிளெமென்ட்ஸ் இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. பந்து சபரியிடம் வந்தது. வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடினான். மூன்று பேர் துரத்தினார்கள். மூலையில் பாய்ந்து பந்தைத் தரையில் அமுக்கினான். அதற்கு ட்ரை என்று பெயர், ஐந்து பாயிண்ட். மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியது. நடுவர் விசிலை வாயில் வைத்தவர், கோட்டருகே நின்ற ஆளைப் பார்த்தார்.

கொடி உயர்ந்திருந்தது. பிடித்திருந்தவர் குமாரசாமி. கால் கோட்டில் பட்டால் வெளியே போனதாகக் கணக்கு. மகனின் கால் பட்டதை அவர் பார்த்தார், தூக்கினார்.

பால் கேன் ஹால்டனுக்குப் போயிற்று. நாற்காலியிலிருந்து ஒரு தகப்பன் வந்து, "யுவர் ஓன் கிட், மேன்!" என்று முகத்துக்கு நேரே கத்தினான். குமாரசாமி கொடியைச் சுருட்டிக்கொண்டே, "லைன் இஸ் லைன், சார்" என்றார். அன்று சபரி எல்லா ஹால்டன் பையன்களுக்கும் எலுமிச்சை சாதம் போட்டான். அப்பா தட்டோடு வந்தபோது கரண்டியை அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

அதன்பிறகு ஒரு வருடம். சாப்பிட்டியா சாமி என்றால் "யா." ஸ்கூல் எப்படி என்றால் "ஃபைன்." காரில் காதில் ஹெட்ஃபோன். குமாரசாமி சத்தம் போட்டதில்லை. ஒருநாள் மட்டும், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த வான்மதியிடம் மெதுவாகக் கேட்டார்: "நாந்தப்புப் பண்ணிட்டனா?"

"சட்டப்படி சரிதானப்பா" என்றாள் அவள்.

*

கோடு போட்டு முடித்து வீடு திரும்பும்போது ட்ராஃபிக் சிக்னலில் வான்மதிதான் பேசினாள்.

"நான் அவன்கிட்ட சொல்றேன்ப்பா. என் கைதான்."

"வேண்டாஞ்சாமி. கொடியத் தூக்குனவன் நானு. நாஞ்சொல்றேன்."

"எப்போ?"

"சனிக்கெழம மேட்சு முடியட்டும். இப்பச் சொன்னா அவன் ஆட்டம் கெட்டுரும். கடைசி வருசம் அவனுக்கு."

"கோடு ஒரு அடி தள்ளிச் சரியா இருந்திருந்தா அது ட்ரை தானேப்பா?"

குமாரசாமி பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஒரு அடி" என்றார். "ஆயிரத்துல ரெண்டுக்குத் திருப்பி அனுப்பறவன் நானு."

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பட்டறையில், அளவு பார்க்கும் மேஜைமேல் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

ஹால்டன் கோச் தானாகவே போன் செய்து மேட்ச்சை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். சபரி விளையாடலாமா என்று கோயிலிலிருந்து வந்தவர்களுக்குள் பேச்சு வந்தது. வருடம் திரும்பும்வரை கூடாது என்றார் சுவாமிநாதன் அங்கிள். நாகமணி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அவரு இருந்தா அவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு. போகட்டுங்க."

டேப் விஷயத்தை வான்மதி தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. பதின்மூன்று நாள் வீட்டில் ஆட்கள். யாராவது ஒரு ஆன்ட்டி சாம்பார் கொண்டுவந்தபடி இருந்தார்கள். தம்பி எதிரில் வரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். மேட்ச் முடியட்டும் என்று அப்பா சொன்னாரே என்று திரும்ப உட்கார்ந்துகொண்டாள். அது சாக்கு என்றும் தெரிந்தது.

இடையில் நான்கு நாள் மழை. கோடு கரைந்துவிட்டது, ஆள் வைத்துப் போடட்டுமா என்று கோச் கேட்டார். "நோ. வீ வில் டூ இட்" என்று சொல்லிச் சபரியே போனை வைத்தான்.

வியாழன் மாலை இருவரும் போனார்கள். சபரியின் மொட்டைத்தலையில் பள்ளித் தொப்பி. காரின் டிக்கியில் கொடி, சுத்தியல், முளைகள், டேப். மைதானத்தின் ஓரத்தில் அவன் கொடியைப் பிரித்துப் பார்த்தான், திரும்பச் சுருட்டினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லு."

"ஐ வாஸ் அவுட். போன வருசம். என் ஷூவுல வொயிட் பெயிண்ட் தூள் ஒட்டியிருந்துச்சு. அங்கயே புல்லுல தேச்சுட்டேன்."

வான்மதி டேப் சுருளைக் கீழே வைத்தாள்.

"அவரு கரெக்ட்டாதான் தூக்கினாரு. எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா எல்லாரும் என்னைப் பாத்து பாவம்னாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். ஒன் இயர், அக்கா. ஸாரின்னு ஒரு வார்த்தை... சனிக்கெழம ஜெயிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்தான். "அட்லீஸ்ட் அவர் சரியா இருந்தாரு. அது ஒண்ணுதான் இப்ப எனக்கு இருக்கு."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் எப்படிப் பிடுங்குவது? அப்பாவுக்கும் தான் சரி என்பது ஒன்றுதான் இருந்தது. அது தப்பிப்போனதைத் தானே வந்து இவனிடம் சொல்வதாகத்தான் இருந்தார். டேப் சுருளை எடுத்துக்கொண்டு முனையை அவன் கையில் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் ஈரப் புல்லில் நடந்தாள். டேப் பின்னால் நீண்டுகொண்டே வந்தது. இருநூறில் நின்று முளையைக் குத்தினாள்.

அங்கிருந்து சபரி கத்தினான். "ஒண்ணுல புடிக்கணும், ரைட்? சின்ன வயசுல வீட்டுல அப்பா அப்படித்தான் புடிக்கச் சொல்வாரு!"

"இல்ல. பூஜ்யத்துல!"

"ஏன்?"

"இது புது டேப்!"

அவன் குனிந்து முனையைப் பார்ப்பது தெரிந்தது.

"எப்ப வாங்குனது?"

அவள் சுருளைப் புல்லில் வைத்தாள். சுத்தியலையும் வைத்தாள். கத்திச் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் அப்பா செய்வதாக இருந்த வேலை அது; வேறு யாரிடமும் அவர் கொடுக்கவில்லை. வான்மதி டேப்பை மிதிக்காமல், அதன் ஓரமாகவே, தம்பியை நோக்கித் திரும்பி நடந்தாள்.