மேட்டுத் தெரு ஏறிய மின்சார சைக்கிள்

சாவிக்காரருக்குக் கை சும்மா இருக்காது. ஊரார் பூட்டையெல்லாம் நோண்டியவர், கடைசியில் சொந்த சைக்கிளையே பிரித்துப் போட்டார். பின்சக்கரத்தைக் கழற்றி, மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டி, நடுக்கம்பியில் பேட்டரியைப் பொருத்தினார். வண்டி பறந்தது, வாஸ்தவம்தான். ஆனால் குடியிருப்பது இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. கீழே பூட்டி வைக்கலாமென்றால், பூட்டின் யோக்கியதை அவருக்குத் தெரியாதா? தினமும் மாடிக்குத் தூக்க வேண்டியதாயிற்று. முன்பக்கம் அவர், பின்பக்கம் அவர் மனைவி தையல்காரி.

"சைக்கிளா இது, யானைக்குட்டி!" என்று ஒருநாள் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை என்னை ஏத்திக்கிட்டு மேட்டுத் தெரு தங்கச்சி வீட்டுக்கு ஓட்டுங்க. நடுவுல நான் தரையில கால் வெச்சேன்னா, மோட்டாரைக் கழட்டிடணும்."

"அவ்வளவுதானே!"

மனிதர் அதோடு நின்றிருக்கலாம். கனம் என்று புலம்பும் அவள் வாயை அடைக்கிறேன் பேர்வழி என்று, பேட்டரியைக் கடையில் கொடுத்துப் பாதி எடையில் ஒன்றை மாற்றி வாங்கி, பழைய கூட்டுக்குள் ஒளித்து வைத்தார். "இது சமதரைக்குத்தான், மேட்டுல ரெண்டு பேரை இழுக்காது" என்று கடைக்காரர் சொன்னது காதில் ஏறவில்லை. அன்று மாடிக்குத் தூக்கும்போதே தையல்காரிக்குக் கை சொல்லிவிட்டது. அவள் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பாதி மேட்டில் மோட்டார் கப்சிப். சாவிக்காரர் விடுவாரா? குனிந்து மிதித்தபடி, "ங்ங்ங்ங்" என்று வாயாலேயே ஓட்டினார்.

"மோட்டார் பின்னாடி இருக்கு, சத்தம் முன்னாடியிருந்து வருதே?"

"காத்துக்கு... அப்படித்தான் கேக்கும்."

"நீங்க பேசினா நின்னுடுதே!"

"ங்ங்ங்ங்..."

அதற்குமேல் முடியவில்லை. வண்டி நின்றது. அவள் கால் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேலே பால்கனியிலிருந்து தங்கை கூவினாள்: "என்னக்கா, அத்தானோட ராக்கெட் படுத்துடுச்சா?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. புருஷனைக் கேலி செய்வது அவள் பாத்தியதை. இவளுக்கு என்ன வந்தது? நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"படுக்கலடி! அத்தானை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு!"

பிறகு அவர் காதோரம், "இறங்கித் தள்ளுங்க. நான் இறங்கறதா இல்ல. நாளைக்குப் பழைய பேட்டரியே வரணும். தூக்க நானும் வரேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தள்ளுங்க."

தையல்காரி ராணி மாதிரி போய்த் தங்கை வாசலில் இறங்கினாள். தங்கை ஓடிவந்து, "எனக்கும் ஒரு ரவுண்டு, அத்தான்!" என்றாள். அத்தான் படியில் மல்லாந்து கிடந்தார்.

"இப்ப வேணாம்டி," என்றாள் தையல்காரி. "மோட்டார் சூடாயிருக்கு. குடிக்கத் தண்ணி கொண்டா."