முந்தானையில் முடிந்த வில்லை

இந்த ஈஸ்டருக்குத் தஞ்சாவூர்க் கோயில் வாசலில் என் கையில் ஒரு டோக்கனைத் திணித்தார்கள். நீலப் பிளாஸ்டிக் வட்டம். ஆராதனை முடிந்ததும் இதைக் காட்டினால் பிரியாணி. பிரசங்கம் நடக்கும்போதே பின்பக்கத்திலிருந்து புதினா வாசனை வர ஆரம்பித்துவிட்டது. உயிர்த்தெழுதலைப் பற்றிப் போதகர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் நான் பிரியாணியை நினைத்துக்கொண்டும் உட்காரவில்லை. கைக்குள் அந்த வட்டத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். விரல் தானாக அதன் ஓரத்தைத் தடவி, தேய்மானத்தைத் தேடியது. பிளாஸ்டிக்கில் ஏது தேய்மானம்?

நான் தேடியது பித்தளை வில்லையை. பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தவர்களே இன்று அதிகம் இல்லை.

எனக்கு முதல் வேலை, மாயவரத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். ஓடு வேய்ந்த ஒரே கட்டடம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள் நான். நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் இறங்கினேன். அட்டைக்குப் பயந்து வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு அரை மைல் நடப்பேன், பிள்ளைகள் சிரிக்கும். சாயந்திரங்களில் ஆர்மோனியம் வாசிப்பேன். அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது. அந்தச் சுரம் வருகிற பாட்டையெல்லாம் நான் மெதுவாக ஒதுக்கிவிட்டதால், சபையாருக்குப் பாதி ஞானப்பாட்டு மறந்தே போயிற்று என்று ஒரு புகார் உண்டு.

அது பிரஸ்பிட்டேரியன் சபை. சுற்று வட்டாரத்தில் லுத்தரன்கள் உண்டு, கத்தோலிக்கர் உண்டு. நாங்கள் ஒரே ஒரு தெரு. எல்லாரும் வயல் வேலைக்காரர்கள். போதகர் மாயவரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வருவார். மற்ற நாட்களில் சபையை நடத்துவது மூப்பர்தான். எங்கள் மூப்பர் பெயர் ஞானமுத்து. அவரும் அறுப்பறுக்கிறவர்தான். உயரமான மனிதர், பேச்சு குறைவு.

எந்தக் காலத்திலோ ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு துரை அங்கே ஒரு வழக்கத்தை விட்டுப் போயிருந்தார். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மூப்பர் வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று ஒரே கேள்வி: "யாரு மேலயாவது மனஸ்தாபம் உண்டா?" இல்லை என்றால் பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் கையில் வைப்பார். மறுநாள் அந்த வில்லையைக் கொடுத்தால்தான் கர்த்தருடைய பந்தியில் அப்பமும் திராட்சை ரசமும். உண்டு என்றால் வில்லை கிடையாது. போய்ச் சமாதானமாகிவிட்டு வரவேண்டும். பண்டிகைக்கு முன் அந்தத் தெருவில் நடக்கிற சமாதானப் பேச்சுவார்த்தைகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கோழி மேய்ந்த சண்டை, குடத்தை உடைத்த சண்டை எல்லாம் அந்த ஒரு நாளில் தீரும். டவுனில் இதைப் பார்த்திராத எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சிரிப்பு நின்ற வருஷத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஆட்சி மாறியிருந்த புதிது. டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி. ஏழைகளின் காலம் வந்துவிட்டது என்று மைக்கில் பேசினார்கள். எங்கள் தெரு முனையில் மட்டும் வேறு கொடி, முழுச் சிவப்பு. தாளடி அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் முடியாது என்றார். ஒருத்தரும் அரிவாள் எடுக்கவில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து, காற்றடித்தால் மணி உதிர்கிற சத்தம் பள்ளிக்கூடத்துக்கே கேட்கும். மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார்.

அவர்களோடு எங்கள் மூப்பரும் வயலில் இறங்கினார்.

ஏன் என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். "வெதைச்சவன் நான் டீச்சர். தரையில கொட்டுது. பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்றார். அவ்வளவுதான் அவருடைய நியாயம். இன்றைக்கும் அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் என்று சொல்லவும் வரவில்லை.

அவர் இறங்கிய மறுநாள், வெளியூர் ஆட்களைத் தடுக்கப் போன கூட்டத்துக்கும் பண்ணையின் அடியாட்களுக்கும் களத்தில் கைகலப்பு. சாமுவேல் என்ற பையனுக்குத் தலையில் அடி. பையன் என்கிறேன், என் வயதுதான் அவனுக்கு, எங்கள் தெரு ரெபேக்காவின் புருஷன். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில்தான் திரும்பி வந்தான். அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுக்க மூப்பர் வந்தபோது ரெபேக்கா எழுந்து நின்று, "நீங்க தொடாதீங்க மாமா" என்றாள். கத்தவில்லை. அவர் விலகிப் பின்னால் நடந்தார்.

சில வாரத்தில் ஈஸ்டர் வந்துவிட்டது.

சனிக்கிழமை மூப்பர் வில்லைப் பையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நீங்களும் கூட வாங்க. உங்க முன்னால வெடுக்குன்னு பேச மாட்டாங்க." பேசமாட்டார்களாம்! முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

"யாரு மேலயாவது மனஸ்தாபம் உண்டா?"

"உண்டு."

"யாரு மேல?"

"உங்க மேலதான்."

முறைப்படி அவர் பையைத் திறக்க முடியாது. அடுத்த வீடு. அங்கேயும் அதே பதில். தெரு முழுக்க அதே பதில். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், "ஏப்பா, எதுக்கு வெயில்ல அலையிற" என்று இரக்கத்தோடு சொன்னார். ஆனால் அவரும் கையை நீட்டவில்லை. நான் பின்னால் நடந்தேன். வில்லை இல்லாமல் பந்தி வைக்க மாட்டார் எங்கள் போதகர். அந்த விஷயத்தில் கண்டிப்பான மனிதர். சபைக்கு ஈஸ்டரே இல்லாமல் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி வீடு ரெபேக்காவுடையது. அவர் கேள்வியைக் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்து நின்றார். அவளேதான் பேசினாள்: "விடியக்காலம் கல்லறைக்கு நான் வருவேன். அவரு அங்கதான இருக்காரு."

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது எங்கள் சபையின் இன்னொரு வழக்கம். பெட்ரோமாக்ஸ் விளக்கோடு மூப்பர் முன்னால் போவார். அவரவர் தங்கள் கல்லறையருகே நிற்பார்கள். சூரியன் தலை காட்டும் நேரம் மூப்பர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று குரல் கொடுப்பார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று எல்லாரும் சொல்ல வேண்டும். செத்தவர்களுக்கும் கேட்கும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. ரெபேக்காவுக்கு அந்த வருஷம் பண்டிகை என்றால் அது ஒன்றுதான்: சாமுவேல் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைக் கேட்கவேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்கு வழி மிராசுதாரின் வரப்பு.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். ஒருவரும் மூப்பரோடு பேசவில்லை; ஆனால் விளக்கு அவர் கையில் இருந்ததால் பின்னால் நடந்தார்கள். ரெபேக்கா அவருக்கு அடுத்து. மண்ணெண்ணெய் வாசனையும் பனியில் நனைந்த வைக்கோல் வாசனையும் கலந்து வந்தன. மதகடியில் போலீஸ் நின்றது. கூடவே மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர்.

"கூட்டமாப் போவக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கும் தூக்கம் கெட்ட எரிச்சல்.

"பண்டிகைங்க. கல்லறைக்குப் போறோம்" என்றார் மூப்பர்.

காரியக்காரர் குறுக்கே வந்தார். "மூப்பர் நம்ம ஆளுங்க, அவரு போவட்டும். அந்தப் பொம்பளையும் அந்தச் செவப்புத் துண்டுக் கும்பலும் போனா கோஷம் போடுவாங்க. பயிர மிதிச்சு நாசம் பண்ணுவாங்க." அறுத்த வயலில் அப்போது பயறு காய் பிடித்திருந்தது.

பின்னாலிருந்த இளவட்டங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை தடித்தால் தடி இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மூப்பர் காரியக்காரரைப் பார்க்காமல் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "அவரு தப்பா சொல்றாருங்க. நான் இவங்க ஆளு. இவங்க போவட்டும், நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். ஒரு பயத்தஞ்செடி சாஞ்சிருந்தாலும், ஒரு கோஷம் கேட்டாலும் என்னைய ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சலிப்போடு தலையை அசைத்தார். மூப்பர் திரும்பி, விளக்கையும் வில்லைப் பையையும் தனக்கு அடுத்து நின்றவளிடம் நீட்டினார். ரெபேக்கா வாங்கிக்கொண்டாள். அவர் ஈர மதகில் உட்கார்ந்தார், அவருக்கு இரு பக்கமும் போலீஸ்காரர்கள்.

ஒற்றை வரிசையாக வரப்பில் நடந்தோம். சேலைத் தலைப்புகூடச் செடியில் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டோம். பாட்டுப் பாடினால் கோஷம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பாடவும் இல்லை.

சாமுவேலின் மண் இன்னும் புதிதாகத்தான் இருந்தது. கிழக்கு வெளுத்து, சிவந்து, சூரியன் தலை காட்டியும்விட்டது. குரல் கொடுக்க ஆள் இல்லை. மூப்பர் சொல்ல வேண்டியதை யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது ரெபேக்கா, பக்கத்தில் படுத்திருப்பவனிடம் பேசுகிற குரலில், மண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்."

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றோம். நாங்கள் சொல்லி முடித்த பிறகு, வயலுக்கு அந்தப் பக்கம் மதகிலிருந்து ஒற்றைக் குரல் பிந்தி வந்தது: "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்." நான் அழுதேன். எல்லாரும்தான் அழுதார்கள்.

ரெபேக்கா அங்கேயே பையைத் திறந்தாள். பெண்பிள்ளை வில்லை கொடுத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அன்று யாரும் தடுக்கவும் இல்லை. ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டாள்: "யாரு மேலயாவது மனஸ்தாபம் உண்டா?" முந்தின நாள் உண்டு என்று கதவடைத்தவர்கள் மதகுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இப்ப இல்ல" என்றார்கள். எனக்கும் கிடைத்தது. வில்லை கையில் சுட்டது, அவள் பிடித்திருந்த சூடு.

திரும்பி வந்தோம். போலீஸ்காரர் ஒருவர் வரப்போரம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் சாயவில்லை என்றார். மூப்பர் எழுந்து நின்றார். பையில் மிச்சம் இரண்டே வில்லை. அவர் கை கொஞ்சம் முன்னால் வந்ததை நான் பார்த்தேன்.

ரெபேக்கா சொன்னாள்: "எனக்கு இன்னும் மனசு வரல மாமா. பொய்யாக் குடுக்க மாட்டேன்."

"வேணாம்மா" என்றார். "அதான் முறை."

"என்னுதையும் நான் எடுக்கல" என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்குப் பந்தி நடந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருத்தி, இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படித்தான். பிறகு புதுப் போதகர் வந்தார், படித்தவர், நல்லவர். வில்லையெல்லாம் பழைய காலத்து வழக்கம், விசுவாசிகள் எல்லாரும் தாராளமாக வரலாம் என்றார். வந்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள். போதகர் போய்க் கூப்பிட்டபோது மூப்பர், "எனக்கு இன்னும் வில்லை வரலீங்கய்யா" என்றாராம். அதற்குள் எனக்குப் பேராவூரணிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு வரைக்கும் அங்கேயே ஓடிவிட்டது.

பல வருஷம் கழித்து மாயவரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டாள். தலை முழுக்க நரை. "ஆர்மோனியம் டீச்சர்தானே?" அந்தப் பெயரில் என்னை அந்தத் தெருவைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. ரெபேக்கா! பிள்ளை குட்டி, ஊர், மழை என்று எல்லாம் பேசிவிட்டுத்தான் கேட்டேன்: "மூப்பருக்கு...?"

"குடுத்துட்டேன் டீச்சர். படுத்த படுக்கையாக் கெடந்தாரு. போயி கையில வச்சேன். கண்ணத் தொறந்து, 'மனசு வந்துட்டாம்மா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டு மாமான்னேன்." பஸ்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வரல டீச்சர். பொய்தான் சொன்னேன். அந்த மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்றது? வில்லைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாரு. பிரிக்காம அப்படியே பொதைச்சோம்."

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஓரம் தேய்ந்த ஒரு பித்தளை வட்டம். "என்னுது இன்னும் கெடக்கு" என்றாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. கல்லறைக்குத் தார் ரோடு போகிறது. பயறு விளைந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் டாக்டரும் இன்ஜினீயருமாக இருக்கிறார்கள்; அதில் எனக்குச் சந்தோஷம்தான், பழைய கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

ஆராதனை முடிந்து பிரியாணி வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நிமிர்ந்தும் பார்க்காமல், "டோக்கன் ஆன்ட்டி" என்று கையை நீட்டினாள். ஏதாவது கேட்பாள் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவர் நகரச் சொன்னார். கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.