பனிமேட்டு வழியாக ஒரு கல்யாணம்

நடப்பதற்குக் காசு கொடுக்கிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்றால், தார்காவ் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். இருபது வருஷமாகக் கண்முன்னே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. புனேயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருகிறவர்கள் முதுகில் மூட்டையும் கையில் இரண்டு கோலுமாக, சுபின் ஆற்றோரம் மூச்சிரைக்க ஏறிப் போவார்கள். ஐந்தாம் நாள் மூக்குத் தோல் உரிந்து, அதே வழியாகத் திரும்புவார்கள். ஆடு மேய்த்தார்களா என்றால் இல்லை. மூலிகை பறித்தார்களா என்றால் அதுவும் இல்லை. "வீட்டுல அடிச்சுத் துரத்திட்டாங்க போல, பாவம்" என்பார் ஜோத் சிங்.

அந்த ஜோத் சிங்குடைய செத்துப்போன தம்பியின் மகள்தான் ஜக்தேயி. இப்படி வருகிறவர்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டுவதே அவளுடைய பிழைப்பு. வேறென்ன வேண்டும், வீட்டில் தினமும் சண்டை பொரிந்தது.

தொடங்கியது பதினெட்டு வயசில். திருவிழாவுக்கு மறுநாள் சுமைக்காரர்கள் இருவர் குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்க, மலையேற்றக் கூட்டத்தை அழைத்து வந்தவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கமாகப் புல்லுக்கட்டோடு வந்த ஜக்தேயி, அதை வேலியோரம் சாய்த்து வைத்தாள். கூடாரச் சுமையை நெற்றிக் கயிற்றில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். நாலு நாள் கழித்துத் திரும்பியபோது பெரியப்பா வாய் திறக்கவில்லை. அடுத்த பத்து நாளும் திறக்கவில்லை. அவளும் விடுகிற ரகமில்லை. சுமை தூக்கினாள், சமையலுக்கு உதவினாள், உத்தரகாசியில் ஒரு மாதம் தங்கிக் கயிறு கட்டவும் பனியில் படி வெட்டவும் படித்தாள், இருபத்து மூன்றில் வழிகாட்டி ஆனாள். கூட்டத்தில் யாருக்கு நடை வரவில்லையோ அவரை முதலில் விட்டு, மற்றவர்களை அவர் பின்னால் நடக்க வைப்பாள். வேகக்காரர்கள் முணுமுணுத்தால், அவ்வளவு அவசரமென்றால் பஸ்ஸில் போயிருக்கலாமே என்பாள். "இன்னும் பத்தே நிமிஷம்" என்று அவள் சொன்னால் முக்கால் மணிக்குக் குறையாது.

குலாப் சிங் அதே கூட்டங்களுக்குச் சமையல்காரன். ஆற்றுக்கு அக்கரையில், மேலே சில்காட் ஊர். ராஜ்மாவும் சிவப்பரிசிச் சோறும் ஆக்கிப் போடுவான். பனிக்கு நடுவே குக்கரில் கேக் சுட்டு எடுத்து, வந்தவர்களைக் கிறங்க வைப்பான். ஆறு வருஷம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அதற்குமேல் என்ன தூது வேண்டும்? ஒருநாள் அவளே கேட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டில் இருக்கச் சொல்வாயா என்றும் சேர்த்தே கேட்டாள். அவன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல், "நீ முன்னால நட. நான் பின்னால அடுப்பைத் தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றான்.

பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருஷம் பிடித்தது. அதன் பிறகு குறித்த தேதியை ஒரு தடவை பனி கெடுத்தது, இன்னொரு தடவை குலாப் வீட்டில் ஒரு சாவு. மூன்றாவதாகக் குறித்தது சித்திரைக் கடைசியில் ஒரு நாள். அதை விட்டால் கஷ்டம். சில்காட்டின் தெய்வம் மறுநாள் விடியலில் பல்லக்கேறி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிறது, திரும்ப ஒரு வருஷம் ஆகும். தெய்வம் ஊரில் இல்லாதபோது அங்கே கல்யாண மேளம் கொட்டுவதில்லை. அன்றைக்கு மாலை கோயில் கூரைக் கலசத்தில் வெயில் இருக்கும்போதே மணப்பெண் ஊருக்குள் கால் வைத்தாக வேண்டும். வெயில் இறங்கிவிட்டால் தெய்வம் கிளம்பிவிட்டதாகத்தான் அர்த்தம்.

மாப்பிள்ளை குதிரையேறி வருகிற கூத்தெல்லாம் சமவெளிக்காரர்களுக்கு. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்கு நடக்க வேண்டும். மாப்பிள்ளை மகாராஜா மாதிரி வீட்டில் உட்கார்ந்திருப்பார், படியிறங்கக் கூடாது. அன்று காலை இருபத்தாறு பேர், ஒரு கிடா, மூன்று மூட்டை அரிசி, முன்னால் மேளக்காரர் தௌலு, நடுவில் முக்காடும் பெரிய மூக்கு வளையமுமாக ஜக்தேயி என்று கூட்டம் தார்காவை விட்டு இறங்கியது. மூன்று மணி நேர நடை. மத்தியானச் சாப்பாடு சில்காட்டில் என்றுதான் எல்லோரும் வயிற்றைக் காலியாக வைத்திருந்தார்கள்.

ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் பாலத்தைக் காணோம். ராத்திரி மேலே எங்கேயோ கொட்டிய மழை, மரப்பாலத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. கரையில் இரண்டு கல்தூண், நடுவே கலங்கல் தண்ணீர். தௌலு மேளத்தை நிறுத்தினார். ஆண்களெல்லாம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

பெரியப்பா எழுந்து, மூட்டைகளைத் திருப்பச் சொன்னார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், வேறென்ன செய்ய முடியும் என்றார்.

குலாப்பின் மனசில் ஜக்தேயிக்குச் சந்தேகமில்லை. அவன் அம்மாதான் பயம். ஊர் ஊராகச் சுற்றுகிற பெண் வேண்டுமா என்று அந்தம்மாள் காதில் ஓதுகிறவர்கள் ஏற்கெனவே நாலு பேர். ஒரு வருஷம் கொடுத்தால் ஓதி முடித்துவிடுவார்கள். முக்காட்டுக்குள் அவளுக்குக் கண் கரித்தது. ஆனால் அழுது என்ன ஆகப் போகிறது? முக்காட்டைத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

நேர் மேலே பனிமேடு. ஆற்றின் மூலத்தைச் சுற்றிக்கொண்டு, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால் சில்காட்டின் தலைமேல் போய் நிற்கலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான், ஆனால் ஆனி மாதத்தில் புல் முளைத்த பிறகு ஆட்டோடு போகிற இடம். பனி மூடிய சித்திரையில் அங்கே எது தரை, எது பள்ளம் என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் அங்கே போகிறவர்கள் காசு கொடுத்து நடக்கிற பைத்தியங்களும், அவர்களுக்கு முன்னால் போகிற ஜக்தேயியும்தான்.

"மேல போலாம் பெரியப்பா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"கல்யாணப் பொண்ணு முன்னால நடக்கிறதா? எந்த ஊர் வழக்கம் இது?"

"திரும்பிப் போறது மட்டும் எந்த ஊர் வழக்கம்?"

அதற்குள் தௌலு மேளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சாப்பாடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். பசி எல்லோருக்கும் இருந்ததால் அது நியாயமாகப் பட்டது.

மூக்கு வளையத்தைக் கழற்றி அம்மாவின் முந்தானையில் முடிந்தாள் ஜக்தேயி. பட்டுச் செருப்பை மூட்டையில் போட்டாள். மாமியார் வீட்டுக்கு எதற்கு என்று அம்மா ஒளித்துவைக்கப் பார்த்த அவளுடைய மலையேறும் பூட்ஸ், அரிசி மூட்டைக்குள்ளிருந்து வந்தது. அதை அவள் எப்போது அங்கே போட்டாளோ, அம்மா கேட்கவில்லை. பிறகு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். வழிகாட்டியின் பார்வை. பெரியப்பாவின் இடது முழங்கால் நாலு வருஷமாகச் சரியில்லை.

"பெரியப்பா, என் பின்னால முதல் ஆளா நீங்க வாங்க. உங்க நடைதான் எல்லாருக்கும்."

மூத்தவருக்குத் தருகிற மரியாதை என்று நினைத்து அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

மத்தியானத்துக்குள் பனியைத் தாண்டியாக வேண்டும், வெயில் ஏறினால் பனி இளகிக் காலை விழுங்கும். குச்சியால் குத்திப் பார்த்து, குதிகாலால் உதைத்து உதைத்து அவள் படி போட்டாள். அந்தப் படியிலேயே காலை வைத்து இருபத்தைந்து பேரும் வந்தார்கள். கிடா மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தி ஒருத்தி இரண்டு தடவை வழுக்கி உட்கார்ந்து, இரண்டு தடவையும் சிரித்தாள். கீழே பார்க்காதீர்கள், முன்னால் போகிறவரின் முதுகைப் பாருங்கள் என்று ஜக்தேயி சொல்ல, பின்னாலிருந்து ஒருவர், முன்னால் போவது கிடா என்றார். மேட்டின் உச்சிக்கு வந்தபோது எல்லோருக்கும் மூக்கு சிவந்திருந்தது. அடிவானம் வரைக்கும் வெள்ளைச் சிகரங்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கிற ஜனம், வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இதைப் பார்க்கத்தான் அவர்கள் காசு கொடுத்து வருகிறார்களா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

இறக்கத்தில்தான் வினை. பெரியப்பாவின் முழங்கால் வீங்கிக்கொண்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்றார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வேகமாக நடக்கிற நாலு பேரோடு பெண் முன்னால் ஓடட்டும் என்றார்கள் சிலர். அது நடக்காது. சில்காட் எல்லையில் ஒரு ஓடை, பிறந்த வீட்டின் மூத்தவர் மணப்பெண்ணை முதுகில் தூக்கி அதைக் கடக்க வேண்டும். அவர் இல்லாமல் பெண் போய் நின்றால், ஓடிப்போய் வந்தவள் என்று பேராகிவிடும். அப்படி இல்லாவிட்டாலும், நடக்க முடியாத ஆளை வழியில் விட்டுப் போகிற பழக்கம் ஜக்தேயிக்குக் கிடையாது. அவருடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டி?"

"பத்தே நிமிஷம் பெரியப்பா."

"யார்கிட்ட சொல்றே? வழி கேக்கிற வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பத்து நிமிஷத்தை நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோது ஊர் நிழலில் முங்கிவிட்டது. கோயில் கூரையில் கலசம் மட்டும் பளபளத்தது. அக்கரையில் சில்காட்டே திரண்டு நின்றது. முன்னால் பூசாரி, பக்கத்தில் தயிரும் பார்லி முளையும் வைத்த தட்டோடு குலாப்பின் அம்மா. மாடி மரச்சன்னலில் குலாப், விழுந்துவிடுவானோ என்று பின்னாலிருந்து ஒருவர் அவன் இடுப்புத் துணியைப் பிடித்திருந்தார்.

பெரியப்பா தண்ணீரில் ஒரு காலை வைத்தார். முழங்கால் மடிந்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை முயன்றார். முடியவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"என்னால ஆகலம்மா. உன் அப்பன் இருந்திருந்தா தூக்கியிருப்பான்" என்றார்.

ஜக்தேயி கலசத்தைப் பார்த்தாள். விரல் அகலத்துக்கு வெயில் இருந்தது. சட்டென்று அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி மண்டியிட்டாள்.

"ஏறுங்க."

"சீ, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். வெயில் நிக்காது, ஏறுங்க பெரியப்பா."

அவர் ஏறினார். புல்லும் விறகும் கூடாரமும் சுமந்த முதுகுக்கு, ஒல்லிக் கிழவர் ஒரு பாரமா? பாவாடையை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு, பனித்தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிக் கல் கல்லாகத் தேடி வைத்து நடந்தாள். அவள் நடு ஓடைக்கு வந்தபோது அக்கரையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், பிறகு ஊரே சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, தாங்க முடியாத சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு. அவள் மேலேறி அவரை இறக்கிவிட்டபோது கலசத்தின் நுனியில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது செல்லுமா என்று ஒருவர் இழுத்தார். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

"மூத்தவரும் பொண்ணும் ஒண்ணா ஓடையைத் தாண்டணும். அதுதான் வழக்கம். முதுகு யாருதுன்னு தெய்வம் என்னைக்குக் கேட்டுச்சு?" என்றார் பூசாரி.

அடுத்து, பெண் வீட்டின் மூத்தவர் சொல்ல வேண்டிய வார்த்தைகள். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறோம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஒரு எழுத்து மாறியதில்லை. ஜோத் சிங் ஒற்றைக் காலில் நின்று, ஜக்தேயியின் தோளைப் பிடித்துக்கொண்டு, குலாப்பின் அம்மாவைப் பார்த்து வாயெடுத்தார். பாதியில் நிறுத்தினார். பனியில் நனைந்து நின்ற தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"எங்க வீட்டுப் பொண்ணு, எங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கா" என்றார். "ஒருத்தரையும் வழியில விடல. ஏத்துக்குங்க."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஜக்தேயி, அப்போதுதான் ஓவென்று அழுதாள். குலாப்பின் அம்மா தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, மருமகளின் நனைந்த பூட்ஸ் கயிற்றைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள்.