அகத்திக்குப் போன படை

ஆங்கிலத்தில் 'ஃபோரே' என்று ஒரு சொல் இருக்கிறது. திடீரென்று பாய்ந்து கொள்ளையிட்டுத் திரும்புவதும் ஃபோரேதான். ஏலக்காய் வியாபாரி ஒருவர் துணிந்து துணிக்கடை வைத்துப் பார்ப்பதும் ஃபோரேதான். போன வாரம் மகள் அர்த்தம் கேட்டாளே என்று அகராதியைத் தோண்டினேன். வேரில் என்ன கிடந்தது தெரியுமா? தீவனம். வைக்கோல், தீவனம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். படைக் குதிரைகளுக்குத் தீவனம் தேடி ஊருக்குள் பாய்ந்த கூட்டம்தான் முதல் ஃபோரே. நம்மவர்கள் மாட்டைக் கவரப் போனார்கள், அவர்கள் ஊர் மாட்டின் சாப்பாட்டைக் கவரப் போயிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்து வயதில் அப்படியொரு படையில் நானும் போயிருக்கிறேன்.

படை என்றால் இரண்டே பேர், நானும் அத்தையும். எங்கள் ஊர் ஜெயமங்கலத்தில் மழை பொய்த்த வருஷம் அது. எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது. மடியில் பால் இல்லை. சின்னக்குட்டி எழுந்து நிற்கவே தள்ளாடியது; ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது என்றார்கள். அகத்தி கொடுத்தால் பால் இறங்கும். ஆனால் அகத்தி பச்சையாக நின்ற ஒரே இடம் பெரியப்பாவின் வெற்றிலைக் கொடிக்கால். கொடி படர்வதற்காக வரிசை வரிசையாக நட்ட அகத்தி. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் போய்க் கேட்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

"கேக்கத்தானடி கூடாதுன்னாக. எடுக்கக் கூடாதுன்னு சொன்னாகளா?" என்றாள் அத்தை. இரண்டு அண்ணன்களுக்கும் அவள் ஒரே தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

உச்சி வெயிலில் கிளம்பினோம். கூலியாட்கள் சாப்பாட்டுக்குப் போய்விடும் நேரம். வரப்போடு குனிந்து ஓடினோம். கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வேறு உலகம்: குளிர்ச்சி, இருட்டு, வெற்றிலை மணம், பாதம் புதையும் ஈரமண். அத்தை தாவிக் கொப்பை வளைத்தாள். மளுக். நான் பொறுக்கி மடியில் கட்டினேன். மளுக், மளுக். ஊரையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது.

அத்தை என் வாயைப் பொத்தினாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "போச்சு" என்றாள்.

கொடிக்கால் கோயில் மாதிரி; செருப்போடு யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்களும் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக விட்டுவிட்டு வந்திருந்தோம். திருடப்போன இடத்திலும் மரியாதை தவறாத படை எங்களுடையதாகத்தான் இருக்கும். பெரிய ஜோடி ஒன்று, சின்ன ஜோடி ஒன்று.

காலடிச் சத்தம் செருப்புகள் கிடந்த இடத்தில் வந்து நின்றது. பிறகு பெரியப்பாவின் குரல், வழக்கத்தைவிட உரக்க:

"ஏலே, மேக்கால வரிசையில அகத்தி தலை கனத்துக் கெடக்கு, கொடிக்கு வெயிலு படல. ஒரு வாரத்துக்குத் தெனமும் ஒடிச்சு எடுத்துரு. கெழக்கால தொட்ராத, அங்கன இளங்கொடி."

நாங்கள் நின்றது கிழக்கே. சைக்கிள் போய்விட்டது.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அகத்திப் பூந்தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மேற்கு வரிசைக்குப் போய், அவசரமில்லாமல் ஒடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் போனோம். மூன்றாம் நாளே ஆட்டின் மடி கனத்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னக்குட்டி அடுப்படிவரை துள்ளி வந்து அம்மாவிடம் அடி வாங்கியது.

அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் என் வெற்றியை அடக்கமாட்டாமல் கொட்டிவிட்டேன். கூலியாள் ஒருத்தன்கூட இல்லாத கொடிக்காலுக்கு முன்னால் நின்று பெரியப்பா பாட்டுக்கு வேலை ஏவிவிட்டுப் போனதை, அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். நான் விடவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டி கொடிக்கால் பாதையில் கிளம்பிப் போனார். இவ்வளவு நல்ல வேடிக்கைக்குச் சிரிக்கத் தெரியாத மனுஷர் என்று எனக்கு அவர்மேல் அன்றைக்குக் கோபம்.